தேனீப் பெட்டி வாங்குமுன் உண்ணியை நினையுங்கள்

செங்கற்பட்டு மாவட்டத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் தர்பூசணி போடும் விவசாயிகள் அநேகர். மாமல்லபுரத்தை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களில் தென்னையும் முந்திரியும் உண்டு. இப்பயிர்களுக்கெல்லாம் தேனீ உற்ற துணை. தர்பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ ஒரு நாள் காலையில்தான் மலர்ந்திருக்கும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் பல முறை வந்து போனால்தான் காய் திரளும். இல்லாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். அல்லது காய் கோணலாக வளர்ந்து விலை போகாது.

ஆகவே தோட்டத்தில் தேனீப் பெட்டி வைக்க விவசாயிகள் முன்வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் எந்தத் தேனீயை வைப்பது என்பதில் கவனம் தேவை. ஒரு பெட்டியிலிருந்து ஆண்டுக்கு இந்தியத் தேனீ 6 முதல் 8 கிலோ வரையும், இத்தாலியத் தேனீ 25 முதல் 40 கிலோ வரையும் தேன் தரும் என்பது பொதுவான கணக்கு. இதைக் கேட்டதும் இத்தாலியத் தேனீயின் பக்கம் மனம் சாய்வது இயற்கை. ஆனால் அந்தக் கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு. அதுதான் உண்ணி.

உண்ணி செய்யும் கேடு

வரோவா என்னும் உண்ணி 1904-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில், இந்தியத் தேனீயின் இனத்திலேயே முதலில் கண்டறியப்பட்டது. இத்தாலியத் தேனீயை அழிப்பது அதற்கு நெருங்கிய மற்றொரு வகை என்று 2000-ஆம் ஆண்டில் பிரித்து அறியப்பட்டது. இது கடுகளவே இருக்கும், தட்டையானது, செம்பழுப்பு நிறம். புழு இருக்கும் அறையை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே புகுந்துவிடும். மூடிய அறையில் குஞ்சு பொரித்து, தேனீயின் கூட்டுப்புழுவின் சத்தை உண்ணும். வைரஸ் நோயையும் பரப்பும். அப்படிப் பிறக்கும் தேனீக்களில் பல சிறகு சுருங்கி, பறக்க இயலாமல் தரையில் ஊர்ந்து மடியும். வெளியிலிருந்து பார்க்கும்போது பெட்டி நன்றாகவே தோன்றும். கவனிக்காமல் விட்டால் கூட்டமே அழிந்து போகும்.

பழகிய தேனீ, பழகாத தேனீ

இந்தியத் தேனீ இந்த உண்ணிகளோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. அதன் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களில்தான் பெருகும். ஆண் தேனீக்கள் ஆண்டில் சில காலமே வளர்க்கப்படுவதால் உண்ணியும் கட்டுக்குள் இருக்கிறது. உடம்பில் ஏறிய உண்ணியைப் பணித் தேனீக்கள் கடித்து அகற்றியும் விடும். இத்தாலியத் தேனீக்கு இந்தத் திறமை போதாது. அதன் கூட்டில் பணித் தேனீப் புழுக்களிலும் உண்ணி பெருகும்.

இத்தாலியத் தேனீ இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் 1962-ஆம் ஆண்டு முதல் வெற்றிகரமாக வளர்க்கப்பட்டு, பிறகு வட நாடு முழுவதும் பரவியது. 2004-05-ஆம் ஆண்டுகளில் அங்கே ஏராளமான கூட்டங்கள் வரோவாவால் அழிந்தன. இது போதாதென்று, மலைத்தேனீயிடம் இயற்கையாக இருக்கும் வேறொரு சிறிய உண்ணியும் இத்தாலியத் தேனீயைத் தாக்கும். உயர்ந்த மரங்களிலும் நீர்த்தொட்டிகளிலும் மலைத்தேனீ அடை கட்டும் ஊர்களில் இதை மறக்கலாகாது.

இந்தியத் தேனீக்கு நோயே கிடையாது என்பதல்ல. 1991-92-இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதன் பிறகே தெற்கே இத்தாலியத் தேனீக்கு ஆதரவு பெருகியது. ஆயினும் தப்பிய கூட்டங்கள் பெருகி, இந்தியத் தேனீ மீண்டும் தலையெடுத்தது.

சிறு விவசாயிக்கு ஏற்றது எது?

ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தேனைவிடக் காய்ப்பில் கிடைக்கும் இலாபமே பெரிது. அவருக்கு இந்தியத் தேனீப் பெட்டிகள் இரண்டு, மூன்று இருந்தாலே நல்ல தொடக்கம். தொலைதூரத்திலிருந்து விலைக்கு வாங்குவதைவிட, பக்கத்து மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் உள்ள கூட்டத்தைப் பழக்கப்பட்டவர் உதவியுடன் பிடித்துப் பெட்டியில் குடியேற்றுவது மேல். வெளியூர் நோயும் உண்ணியும் கூடவே வந்து சேரா. நிறையப் பெட்டி வைத்து, தேனையே தொழிலாகக் கொண்டு, பூ உள்ள ஊர்களுக்கு எடுத்துச் செல்லக்கூடியவருக்கே இத்தாலியத் தேனீ பொருந்தும்.

ஏற்கெனவே இத்தாலியத் தேனீ வைத்திருப்போர் மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும். இராணி இல்லாத புழு அடையிலிருந்து அரை டம்ளர் அளவு, அதாவது சுமார் 300 தேனீக்களை, அகன்ற வாயுள்ள புட்டியில் எடுத்து, சல்லடைக் கம்பி மூடி போட்டு, இரண்டு கரண்டி சர்க்கரைப் பொடி தூவி மெல்ல உருட்டவும். இரண்டு நிமிடம் கழித்து வெள்ளைத் தட்டில் பொடியைக் குலுக்கினால் உண்ணிகள் விழும். தேனீக்களைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். ஒன்பது உண்ணிக்கு மேல் இருந்தால் உடனே நடவடிக்கை தேவை. மூடிய ஆண் தேனீ அடையை அவ்வப்போது அறுத்து அகற்றினால், அதனுள் இருக்கும் உண்ணிகளும் ஒழியும்.

பார்மிக் அமிலம் சிபாரிசு செய்யப்பட்ட மருந்தே. எனினும் கடலோர வெயிலில் அது வேகமாக ஆவியாகி இராணியையும் புழுக்களையும் கொல்லக்கூடும். கையையும் கண்ணையும் புண்ணாக்கும். கோடையில் அதைத் தொடாதிருப்பது நலம். மற்ற காலத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். தேன் எடுக்கும் பருவத்தில் எந்த மருந்தும் கூடாது.

மானியத்தில் பெட்டி வழங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. உண்ணியைக் கண்டறியும் பயிற்சி இல்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால், விவசாயிக்கு மிஞ்சுவது வெறும் மரப்பெட்டியே. விவசாயிகளும் பெட்டி வாங்குமுன், அதில் குடியிருக்கப் போகும் தேனீ எது, அதைக் காக்கும் வழி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பணத்தைப் போட வேண்டும்.