எல்லோரும் கலப்புதான், செத்தவர்கள் மட்டும் கெச்சுவா

2003ஆம் ஆண்டு பெரு நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. 1980 முதல் 2000 வரை அரசுப் படைகளுக்கும் 'ஒளிரும் பாதை' இயக்கத்துக்கும் இடையே நடந்த போரில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அது மதிப்பிட்டது. வந்த எண் 69,280. அதுவரை நாட்டில் பேசப்பட்டுவந்த எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இல்லாமல் போனது தலைநகர் லிமாவுக்குத் தெரியவே இல்லை. ஏன் தெரியவில்லை என்பதற்கும் அதே அறிக்கையில் விடை இருக்கிறது. பலியானவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவாவையோ வேறொரு பூர்வகுடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1993 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் இவர்கள் 16 விழுக்காடுதான்.

இதை ஒரு கருத்தரங்கில் சொன்னபோது, "எல்லாம் ஸ்பானிய காலனியம் செய்த வேலை" என்று ஒரு பேராசிரியர் முடித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். சாதியே வெள்ளைக்காரன் எடுத்த கணக்கெடுப்பில் பிறந்ததுதான் என்று சொல்கிறவர்களுக்கு இந்த விடை மிகவும் வசதியானது. ஆனால் அது பாதி உண்மை.

அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் உவான்காவெலிகா பாதரசச் சுரங்கத்துக்கும் ஆள் பிடிக்க, 1573இல் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 'மித்தா' முறையைக் கொண்டுவந்தார். இன்கா காலத்து முறைவேலையின் பெயர்தான் அது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கட்டாய உழைப்பாக மாற்றினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்ச் சமூகங்கள் தங்கள் ஆண்களில் ஏழில் ஒருவரை அனுப்பியாக வேண்டும். 1812 வரை இது நீடித்தது. மித்தா எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருந்த ஊர்களையும் வெளியே இருந்த ஊர்களையும் பொருளியலாளர் மெலிசா டெல் ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே மலை, ஒரே மக்கள். ஆனால் கோட்டுக்கு உள்ளே இன்றைக்கும் குடும்பச் செலவு சுமார் 25 விழுக்காடு குறைவு, சாலைகள் குறைவு, வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அதிகம்.

சரி. ஸ்பெயின் போய் இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அந்த மலையை ஆண்டது யார்?

1821இல் விடுதலையை அறிவித்த சான் மார்ட்டின், பூர்வகுடிகளின் தலைவரியை ஒழித்தார். இனி அவர்களை 'இந்தியோ' என்று அழைக்கக் கூடாது, 'பெருவியர்' என்றே அழைக்க வேண்டும் என்று ஆணையும் போட்டார். ஐந்தே ஆண்டில், 1826இல், அதே வரி வேறு பெயரில் திரும்பி வந்தது. 1854 வரை குடியரசு அந்தக் காசில்தான் பிழைத்தது. ஆண்டையின் பண்ணைகளில் கெச்சுவாக் குடும்பங்கள் முறைவைத்துக் கூலியில்லாமல் வீட்டுவேலை செய்தன. அப்படிச் செய்கிறவனுக்குப் 'பொங்கோ' என்று பெயர். வாசல் என்று பொருள்படும் கெச்சுவாச் சொல்லிலிருந்து வந்தது அது. 1969இல் வெலாஸ்கோ ஆட்சி நிலச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை பல பண்ணைகளில் இந்த வழக்கம் உயிரோடு இருந்தது. இந்த ஆண்டைகளில் எத்தனை பேர் ஸ்பெயின் மன்னரின் ஊழியர்கள்? ஒருவரும் இல்லை. எல்லோரும் தேசபக்தர்கள்.

வாக்குரிமைக் கதை இன்னும் மோசம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை என்பது சட்டம். பள்ளிக்கூடமோ மலைக்கு வரவில்லை, வந்த இடத்திலும் ஸ்பானிய மொழியில் மட்டும் பேசியது. 1979 அரசியலமைப்புதான் இந்தத் தடையை நீக்கியது. 1980 மே மாதத் தேர்தலில் அவர்கள் முதன்முறையாக வாக்களிக்கப் போனார்கள். அதற்கு முந்தைய நாள் அயாகுச்சோ மலையில் சுஸ்சி என்ற ஊரில் வாக்குப்பெட்டிகளைக் கொளுத்தித்தான் ஒளிரும் பாதை தன் போரைத் தொடங்கியது. அவர்கள் பெயரைச் சொல்லிப் புரட்சி செய்ய வந்தவர்களுக்கும் அவர்களுடைய ஓட்டு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. (நம் இடதுசாரி நண்பர்கள் இந்த வரியை விரும்ப மாட்டார்கள் என்று தெரியும்.)

இதையெல்லாம் கேட்டால் லிமாவின் மேட்டுக்குடி சொல்லும் பதில்: "இங்கே இனமாவது ஒன்றாவது? நாங்கள் எல்லோரும் மெஸ்திசோ, கலப்பு." 'இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்' என்ற குரலேதான். கலப்பு இருந்தால் ஏற்றத்தாழ்வு இருக்காது என்று யார் சொன்னது? 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் வரைந்த 'காஸ்தா' ஓவியங்களைப் பாருங்கள். அப்பா, அம்மா, பிள்ளை, கீழே ஒரு பெயர். ஸ்பானியனுக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கும் பிறந்தால் மெஸ்திசோ. தலைமுறை தலைமுறையாக ஸ்பானியரையே மணந்துவந்தால் பிள்ளை மறுபடி ஸ்பானியன். ஆப்பிரிக்க இரத்தம் தலைகாட்டினால் 'பின்னே திரும்பியவன்'. ஒரு கலப்புக்கு 'உன்னைப் புரியவில்லை' என்றே பெயர் வைத்தார்கள். கலப்பு அங்கே படிகளை அழிக்கவில்லை, புதிதாகச் சேர்த்தது. ஐபீரியர்களின் அதே 'காஸ்தா'வைத்தான் போர்த்துகீசியர் இங்கே வந்து நமக்கும் சூட்டினார்கள், ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. சொல்லைக் கொடுத்தது அவர்கள். பொருள் அவர்கள் வருமுன்பே இங்கே இருந்தது.

2022 டிசம்பரில் அதிபர் பெத்ரோ காஸ்தியோ காங்கிரசைக் கலைக்க முயன்று பதவி இழந்தார். அவர் செய்தது சரியா என்பது வேறு விவாதம். தெற்கு மலை மக்கள் தெருவுக்கு வந்தார்கள். லிமா அவர்களுக்கு வைத்த பெயர் 'தெருக்கோ', பயங்கரவாதி. 2023 ஜனவரி 9 அன்று கெச்சுவாக்களும் ஐமாராக்களும் வாழும் ஜூலியாகா நகரில் ஒரே நாளில் பதினேழு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அன்று துப்பாக்கி பிடித்த யாரும் செவியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அல்ல.