குறைந்த மருந்து, நிறைந்த குறி

முதலாம் ஆண்டு என்.சி.சி. முகாமில் எனக்கு ஐந்து தோட்டா கொடுத்தார்கள். .22 ரைஃபிள். சுட்டு முடித்து அட்டையை எடுத்துப் பார்த்தால் மூன்று ஓட்டைதான் இருந்தது. மீதி இரண்டும் பக்கத்தில் படுத்திருந்தவன் அட்டையில். அவனுக்கு அன்றைக்கு ஐந்து தோட்டாவுக்கு ஏழு ஓட்டை! :-) ஹவில்தார் திட்டவில்லை. "ட்ரிக்கரை அழுத்துறப்போ கண்ணை மூடுறே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

.22 தோளில் உதைப்பது என்பது நண்பன் முதுகில் தட்டுவது மாதிரிதான். அதற்கே எனக்கு அந்தக் கதி. அப்படியென்றால் மான் வேட்டை ரைஃபிளை முதல் நாளே கையில் வாங்குகிற பையன் கதி என்ன? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போய்த்தான் அமெரிக்காவின் ஹேண்ட்லோடிங் பொழுதுபோக்கில் போய் விழுந்தேன்.

விஷயம் இதுதான். ஒரு தோட்டாவில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டபின் குண்டும் மருந்தும் பிரைமரும் போய்விடும். விலை கூடிய பித்தளைக் கூடு மிஞ்சும். கோலி சோடா பாட்டில் மாதிரி அதைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் வைத்து, மருந்தை எடை போட்டுக் கொட்டி, குண்டைச் செருகினால் தோட்டா தயார். மருந்தை எடை போடுவது கிரெய்ன் கணக்கில். ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரிதான். அங்கே தானிய மணி.

காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்பவர்கள் உண்டு. வேகத்தைக் கூட்டச் செய்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே மருந்தைக் குறைத்து, மெதுவாகப் போகும் தோட்டா செய்பவர்களும் உண்டு. "பொம்பளைத் தோட்டா" என்கிற ரீதியில் மற்றவர்கள் இவர்களைக் கிண்டல் செய்வார்கள். என் ஓட்டு இந்தக் கடைசிக் கூட்டத்துக்குத்தான்.

முதலில் கணக்கு. குண்டு முன்னால் போகிற உந்தத்துக்குச் சமமாகத் துப்பாக்கி பின்னால் வரும் (பிளஸ் ஒன் பிசிக்ஸ், ஞாபகம் இருக்கிறதா?). எரிந்த மருந்தும் வாயுவாகி முன்னால் பாய்வதால் அதன் உந்தமும் இதில் சேரும். மொத்த உந்தத்தைப் பாதியாகக் குறைத்தால் துப்பாக்கி பின்னால் வரும் வேகம் பாதியாகும். ஆனால் உதையின் ஆற்றல் பாதியாகாது, கால் பங்காகிவிடும்! ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா. பாதியை விட்டுக்கொடுத்து முக்கால்வாசி வலியிலிருந்து தப்பிக்கலாம். எந்தக் காமர்ஸ் மாணவனும் இதை நல்ல வியாபாரம் என்பான்.

அடுத்தது மனசு. உதைக்குப் பயந்த உடம்பு, குண்டு கிளம்பும் முன்பே சுருங்கி, துப்பாக்கியை அசைத்துவிடும். பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் சுடுபவருக்குத் தெரியாமல் போட்டுவிடுவார்கள். 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். ஆனால் துப்பாக்கி முனை ஒரு குலுங்கு குலுங்கும். உதையே இல்லாத இடத்தில் அந்தக் குலுக்கல் எங்கிருந்து வந்தது? எல்லாம் நாமே செய்தது. இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

வேகம் இல்லாமல் குறி வராது என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் ஷூட்ஸன் கிளப்கள் வைத்திருந்தார்கள். 200 கஜத்தில் நின்றுகொண்டே சுடும் போட்டி. .32-40 மாதிரியான தோட்டா, ஈய வார்ப்புக் குண்டு, இன்றைய வேட்டை ரைஃபிளில் ஏறக்குறைய பாதி வேகம். ஹாரி போப் (1861-1950) என்பவர் செய்த குழல்களின் துல்லியத்தை இன்றும் பேசுகிறார்கள். இரண்டாவது, ஒலிம்பிக்ஸ். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியது அதே .22 ரகத் தோட்டாவில்தான். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி!

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மருந்தைக் குறைத்ததால் தோட்டாவுக்குத் தானாகத் துல்லியம் வந்துவிடாது. பெரிய கூட்டில் கொஞ்சம் மருந்து கிடந்தால், அது பிரைமர் பக்கம் சரிந்திருக்கிறதா, குண்டு பக்கமா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். துல்லியம் கூடுவது பெரும்பாலும் சுடுபவரிடம்.

வேட்டைக்காரர்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்கிறார்கள். மெதுவாகப் போகும் குண்டு உடம்புக்குள் விரியாமல் போனால் மான் சாகாமல் காயத்தோடு ஓடும். உண்மைதான். அதற்கு மருந்து, குறைந்த வேகத்திலும் விரியும் குண்டைத் தேர்ந்தெடுப்பதும் தூரத்தைக் குறைத்துக்கொள்வதும். முழு மருந்துக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுகிற பையன் வயிற்றில் அடிக்கும் மானும் காயத்தோடுதானே ஓடும்?

இப்போது என் கூட்டத்துக்கே ஒரு குட்டு. "குறைவுதானே, என்ன ஆகிவிடும்" என்கிற நினைப்புதான் இந்த விஷயத்தில் ஆளைக் கொல்லும். மருந்து போதாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். வேகமாக எரியும் மருந்து கூட்டில் கொஞ்சம் இடத்தையே அடைப்பதால், கவனம் தவறி இரண்டு தடவை கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. மெதுவாக எரியும் மருந்தோ இன்னும் விசித்திரம். அதை அளவுக்கு மீறிக் குறைத்தால் சில நேரம் அழுத்தம் இறங்குவதற்குப் பதில் எகிறிவிடும் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. ஏன் அப்படி என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இதற்காகவே ஹாட்க்டன் கம்பெனி 'ட்ரெயில் பாஸ்' என்று ஒரு மருந்து கொண்டுவந்தது. உளுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள துணுக்குகள். எடை குறைவு, இடம் அதிகம். இரண்டு தடவை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக, குறைப்பதற்கும் படிப்பு வேண்டும். மருந்து தயாரித்தவர் சோதித்து அச்சிட்ட அளவைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது. நண்பன் சொன்னான், தாத்தா போட்டார் எல்லாம் ஆகாது.

என் கட்சி இவ்வளவுதான். "ஆம்பளையாக்குகிறேன்" என்று பன்னிரண்டு வயதுப் பையன் தோளில் முழு மருந்து ரைஃபிளை வைக்கிற அப்பா, அவனுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கவில்லை, பயப்படக் கற்றுக்கொடுக்கிறார். தாங்க முடிந்த உதையில் ஆரம்பித்தால் குறி தானாகப் பழகும். பழகிய பிறகு மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டாமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

முகாமின் கடைசி நாளில் எனக்கு மறுபடி ஐந்து தோட்டா கிடைத்தது. கண்ணைத் திறந்து வைத்துச் சுட்டேன். ஐந்தும் என் அட்டையில்தான். பக்கத்தில் இருந்தவனுக்குத்தான் அன்று வருமானம் குறைவு :-)

டிஸ்கி: நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கிரைண்டரைத் தூக்காதீர்கள்!