வாயிலும் வழியும்

பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞர் அனைவர்க்கும் தமக்குரிய தொழில் இன்னது என்பது தெளிவாகத் தெரிவதில்லை. தெரியாமை குற்றமன்று. பதினெட்டாண்டு நிரம்பிய ஒருவர் உலகத் தொழில்களுள் மிகச் சிலவற்றையே கண்டிருப்பர். கண்டறியாத ஒன்றை விரும்புதல் எங்ஙனம்? ஆதலின், தம் ஆற்றலைத் தாமே ஆராய்ந்து அறிதற்கு இளைஞர்க்கு ஓர் இடமும் சிறிது காலமும் வேண்டும். அமெரிக்க நாட்டில் அவ்விடமாக அமைந்தவை சமுதாயக் கல்லூரிகள்.

இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு இத்தகைய கல்லூரி ஒன்று தோன்றியது. சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், அந்நகர் உயர்நிலைப்பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் அதற்கு வித்திட்டனர். ஊரைவிட்டுச் செல்ல இயலாத மாணவர், பல்கலைக்கழகக் கல்வியின் முதல் இரண்டாண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே கற்றல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். முதற்கண் சேர்ந்தவர் அறுவரே. இன்றோ அந்நாட்டில் இத்தகைய கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மதிப்பெண் குறைந்தவர் என்று அவை பெரும்பாலும் எவரையும் விலக்குவதில்லை. செவிலியம், பற்றவைப்பு, ஊர்திப் பழுதுபார்ப்பு முதலிய தொழிற்கல்வி ஒருபால். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற் சேர்தற்குரிய பாடங்கள் மற்றொருபால்.

இவற்றைத் தாழ்ந்த கல்லூரிகள் என்று இகழ்வாரும் உளர். ஐலீன் காலின்ஸ் என்னும் பெண்மணியின் வாழ்க்கை அவர்க்கு விடை கூறும். எளிய குடும்பத்திற் பிறந்த அவர், நியூயார்க்கு மாநிலத்துக் கார்னிங் சமுதாயக் கல்லூரியில் 1976-இல் படிப்பை முடித்தார்; பின்னர்ப் பல்கலைக்கழகம் புகுந்தார்; வான்படையில் விமானியானார். 1999-இல் விண்வெளி ஓடத்திற்குத் தலைமை தாங்கிய முதற்பெண்மணி என்னும் புகழ் பெற்றார். அவ்வோடம் விண்ணிற் கொண்டு சென்று விடுத்த தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று நோபல் பரிசு பெற்ற அறிஞர் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. சிறிய கல்லூரியிற் தொடங்கிய பயணம் விண்வரை நீண்டது அன்றோ?

எனினும், ஒருவர் பெற்ற உயர்வைக் கொண்டு அனைவரும் உயர்ந்தனர் எனக் கொள்ளல் தவறு. இக்கல்லூரிகளிற் சேர்வோருள் பலர் பட்டம் பெறாமலே நீங்குகின்றனர். பகலில் உழைத்து மாலையிற் படிப்போர் சோர்வுறுகின்றனர். எப்பாடம் எத்தொழிலுக்கு உரியது என அறியாது மயங்குவோரும் உளர். ஈராண்டு முயன்று கற்ற பாடங்கள் சிலவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தலால் காலமும் பொருளும் இழப்போரும் உளர். வாயில் திறந்திருக்கிறது, வழிதான் புலப்படவில்லை.

இக்குறையைக் களைய நியூயார்க்கு நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் ஒரு திட்டம் வகுத்தது. கட்டணக் குறையை ஈடுசெய்து, நூலுக்கும் பயணத்திற்கும் உதவியது. ஆலோசகரை அடிக்கடி சந்திக்கச் செய்தது. வறிய மாணவரைக் குலுக்கல் முறையால் இரு பகுதியாக்கி ஆய்ந்தபோது, திட்டத்திற் சேர்ந்தோருள் 100-க்கு 40 பேர் மூன்றாண்டிற் பட்டம் பெற்றனர். சேராதோருள் 22 பேரே பெற்றனர்.

இவ்வாறு வழிகாட்டுதல் மாணவரின் உரிமையைக் குறைக்கும் என்பார் சிலர். அஃது பொருந்தாது. நாற்சந்தியில் நிற்கும் கைகாட்டி மரம் எவரையும் இழுத்துச் செல்வதில்லை. இவ்வழி இவ்வூர்க்குச் செல்லும் என்று உரைப்பதோடு அமைகின்றது. நடப்பவர் வழிப்போக்கரே. கைகாட்டி இல்லாத நாற்சந்தியில் நிற்பவர்க்கு உரிமை இருந்தும் பயன் யாது?

கல்விக்கூடத்தின் வாயிலைத் திறந்து வைப்போர், உள்ளே கைகாட்டியையும் நாட்டுதல் வேண்டும். அதற்காகும் செலவு, இடையில் நின்றுவிடும் இளைஞரின் இழப்பினும் சிறிதே. மாணவரும் வழி கேட்க நாணுதல் கூடாது. கேட்டறிந்து, தம் விருப்பத்தையும் ஆற்றலையும் ஒருங்கே எண்ணித் துணிவதே தமக்குரிய தொழிலை அடையும் முறையாகும்.