பைக்கற்றில் சிரிக்கும் அம்மம்மா

சாப்பாட்டு விளம்பரத்தில் வரும் அம்மம்மாவுக்கு முழங்கால் வலிப்பதில்லை. பஞ்சு போன்ற தலைமுடி, கரை போட்ட சேலை, நெற்றி நிறையப் பொட்டு, கையில் அகப்பை. அவர் ஒருநாளும் விதவையாகவும் இருப்பதில்லை. எங்கள் வீடுகளில் இருக்கும் அம்மம்மாக்களில் எத்தனை பேர் கணவனை யுத்தத்தில் பறிகொடுத்தவர்கள் என்று தூள் பைக்கற் வடிவமைப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் பொட்டில்லாத முகம் வியாபாரத்துக்கு ஆகாது.

முழங்கால் வலிக்கிற அம்மம்மா வேறு விளம்பரத்தில் வருவார். அது சுப்பர் விசாக் காப்புறுதி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி, பக்கத்தில் மகன், பின்னணியில் ஒரு வீணை. 2011 டிசம்பரில் கனடா இந்த விசாவைத் தொடங்கியபோது, வருகிற பெற்றோருக்குக் குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்று விதித்தது. அன்றிலிருந்து ரொறன்ரோத் தமிழ் வானொலிகளுக்கும் இலவசப் பத்திரிகைகளுக்கும் படியளப்பவர்களில் காப்புறுதி முகவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த விளம்பரத்தில் அவர் தாய் அல்ல, ஒரு ஆபத்து. எந்த இரவில் விழுந்து உங்களைக் கடனாளி ஆக்குவாரோ தெரியாத ஒரு பொருள்.

இரண்டு விளம்பரமும் அவரோடு பேசுவதில்லை. அவரைக் காட்டி எங்களோடு பேசுகின்றன. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்கு வரும் மகளிடம், சமைக்கவில்லையே என்ற குற்றவுணர்வைக் கிளறித் தூள் விற்கிறார்கள். மகனிடம் பயத்தைக் கிளறிக் காப்புறுதி விற்கிறார்கள். நடுவில் இருக்கும் கிழவிக்கு வாயில்லை. அந்தத் தூள் பைக்கற்றை அவரிடம் நீட்டிப் பாருங்கள், மணந்து பார்த்துவிட்டு ஒரு பக்கம் வைத்துவிடுவார். அவருக்குத் தானே வறுத்துத் திரித்த தூள்தான் தூள்.

மிளகாய்த்தூள் விற்பதில் எனக்குக் கோபமில்லை. 'அம்மம்மாவின் அன்பு' என்று அதன்மேல் அச்சடிப்பதில்தான் கோபம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அந்த அன்பு காலை ஐந்தரைக்கு எழும்புகிறது. பேரப்பிள்ளைக்குப் பால் காய்ச்சி, மூத்ததைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி, சின்னதைத் தூக்கிக்கொண்டு சோறு வைத்து, பனியில் வழுக்கி விழாமல் பின்னேரம் மூத்ததைக் கூட்டிவருகிறது. இதற்குச் சம்பளமில்லை, லீவில்லை. பெற்றோரைப் பொறுப்பேற்று அழைத்தால், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் அவர்களைத் தாபரிக்கும் பொறுப்பு 20 வருடங்களுக்குப் பிள்ளையினுடையது. முதியோர் ஓய்வூதியம் கைக்கு வர வயது 65 ஆகியிருக்கவேண்டும், பொதுவாக 10 வருடங்கள் இங்கே வாழ்ந்தும் இருக்கவேண்டும். அதுவரை ஒரு பஸ் ரிக்கற்றுக்கும் மகனின் முகத்தைப் பார்க்கவேண்டிய பெண்ணைத்தான் விளம்பரம் சிரிக்கவைக்கிறது. அவருடைய உழைப்புக்கு விளம்பரக்காரர் வைத்த பெயர் அன்பு. வீட்டில் நாங்களும் வேறு பெயர் வைக்கவில்லை.

இளையவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இங்கேயே பிறந்த பிள்ளைகள் இப்போது சின்னப் போத்தல்களில் சம்பலும் ஊறுகாயும் விற்கிறார்கள். நல்ல விஷயம், நானும் வாங்குகிறேன். லேபிளில் அம்மம்மாவின் கோட்டுருவமும் 'அவருடைய இரகசியச் செய்முறை' என்ற வாசகமும் இருக்கும். செய்முறை அவருடையதென்றால் இலாபத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்று நான் கேட்டால், ஏன் அங்கிள் எல்லாவற்றையும் காசாகப் பார்க்கிறீர்கள் என்கிறார்கள். போத்தல் 12 டொலர்.

வெள்ளைக்காரரின் பெரிய விளம்பரங்கள் முதிய பெண்களை மேலாக நடத்துகின்றன என்றும் இல்லை. 1984இல் வெண்டீஸ் ஹம்பேர்கர் விளம்பரத்தில் 'மாட்டிறைச்சி எங்கே?' என்று அதட்டிய கிளாரா பெல்லர், எண்பது வயது தாண்டிய முன்னாள் நகஅழகுத் தொழிலாளி. அமெரிக்கா முழுக்கச் சிரித்தது. அடுத்த வருடம் அவர் ஒரு பாஸ்ரா சோஸ் விளம்பரத்தில் நடித்து, தேடியதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னதும் கம்பனி அவரைக் கைவிட்டது. முதிய பெண்ணிடமே முகப்பூச்சு விற்கப்போனால், விற்பது முதுமையை அழிப்பதாகச் சொல்லும் பொருளை. 2009இல் பிரித்தானிய விளம்பரத் தர அமைப்பு ஓலே கண்கிறீம் விளம்பரம் ஒன்றைத் தடுத்தது. அதில் 60 வயது ருவிக்கியின் கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கங்கள் கணினியில் துடைக்கப்பட்டிருந்தன.

எங்கள் பத்திரிகைகளில் முதிய பெண் ஒருவரின் முழுப்பெயரும் அச்சில் வரும் கட்டண விளம்பரம் ஒன்று இருக்கிறது. மரண அறிவித்தல். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், வசிப்பிடம் எல்லாம் அதில் வரும். ஆனால் அங்கேயும் இன்னாரின் மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னாரின் மாமியார் என்று பட்டியல் நீளுமே தவிர, முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தார் என்பதற்கு ஒரு வரி கிடைப்பது அரிது.

வயதான பெண்கள் எதையும் வாங்குவதில்லை, அதனால்தான் அவர்களோடு பேசுவதில்லை என்று ஒரு விளம்பர முகவர் எனக்கு விளக்கினார். தொலைபேசி அட்டைக் காலத்தை அவர் மறந்துவிட்டார். ஐந்து டொலர் அட்டையில் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை நிமிடம், எந்த அட்டை நிமிடத்தை விழுங்கும் என்று எங்கள் அம்மாமாருக்கு மனப்பாடம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து விலை பேசுவது அவர்கள். கோயிலுக்கும் ஊருக்கும் போகும் காசில் அவர்களுடையது எவ்வளவு என்று பிள்ளைகளுக்கே தெரியாது.

அவரை வாங்குபவராகச் சரியாக அடையாளம் கண்டவன் ஒருவன் உண்டு. பகல் பதினொரு மணிக்கு, மகனும் மருமகளும் இல்லாத நேரம் பார்த்துக் கதவைத் தட்டுபவன். "அம்மா, ஹீற்றர் பில்லை ஒருக்காக் காட்டுங்கோ" என்று நல்ல தமிழில் கேட்டான், 2016இல் என் பெரியம்மாவிடம். வீட்டு உறுதியில் அவருடைய பெயரும் இருந்தது. தண்ணீர்ச் சூடாக்கிக்கு அவர் ஒப்பமிட்ட வாடகை ஒப்பந்தத்தை முறிக்க, அந்தச் சூடாக்கியின் விலையைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் இப்படி அழைக்காமல் வந்து வாசலில் சூடாக்கி விற்பதைத் தடைசெய்தது. இந்த வாடகைப் பொருட்களைக் காட்டி வீட்டு உறுதியில் உரிமைப் பதிவு போடும் வழக்கத்தை 2024 ஜூனில்தான் நிறுத்தியது. இவற்றைத் தமிழில், அவருக்கு விளங்கும்படி, அவரை நோக்கிச் சொன்ன ஒரு விளம்பரம் என் காதில் விழவில்லை. நாளுக்குப் பத்துத் தடவை காப்புறுதி கேட்டேன்.

எங்கள் வானொலிகள் முப்பது விநாடி ஒதுக்கட்டும், அவர் தனியாக இருக்கும் பகல் பதினொரு மணிக்கே. "அம்மா, வாசலில் வருபவனுக்கு நீங்கள் பில் காட்டத் தேவையில்லை. ஒப்பமிட்டுவிட்டாலும் பயப்படாதேயுங்கோ, வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். உங்கள் காசு, உங்கள் கையெழுத்து." செலவை மிளகாய்த்தூள் கம்பனி ஒன்று ஏற்றுக்கொள்ளட்டும். இத்தனை வருடம் அவருடைய முகத்தைப் பைக்கற்றில் போட்டதற்கு வாடகையாகக் கணக்கெழுதிக்கொள்ளலாம்.