முத்திரைக்குப் பொறுப்பாளி யார்?

வெள்ளிக் கொலுசின் கொக்கியருகே 925 என்று பொறித்திருப்பதைக் கண்டதும் நம்மில் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பு என்பதே அவ்வெண்ணின் பொருள். கலப்பு இருப்பது குற்றமன்று. தூய வெள்ளி மிக மென்மையானது. நாள்தோறும் உரசும் அணிகலனுக்கு அது தாங்காது. எவ்வளவு கலந்தது என்பதை மறைப்பதே குற்றம்.

ஆனால், எண் மட்டும் சான்றாகிவிடாது. அந்த மூன்று இலக்கங்களைப் பொறிக்க ஓர் எஃகு அச்சும் சுத்தியலும் போதும். பெயரை நம்பலாமா என்றால், அதுவும் இயலாது. 'ஜெர்மன் சில்வர்' என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. வெள்ளி அதன் பெயரில் மட்டுமே உண்டு. சொல்லும் பொருளும் பிரிந்து நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆகவே கேட்க வேண்டியது, 'என்ன எழுதியிருக்கிறது?' என்பதன்று; 'எழுதியதற்கு யார் பொறுப்பு?' என்பதே. இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டுச் சட்டம், சோதித்த வெள்ளிக்குச் சிறுத்தைத் தலை முத்திரையிடப் பணித்தது. 1478-இல் லண்டனில் அதனுடன் ஆண்டுக்கோர் எழுத்தும் சேர்ந்தது. தரம் குறைந்த பொருள் ஒன்று பின்னாளில் அகப்பட்டால், அதைச் சோதித்து முத்திரையிட்டவர் யார் என்று கண்டுபிடிக்கவே அந்த எழுத்து. உலோகத்தைச் சோதித்தவரையும் சோதனைக்கு உட்படுத்திய ஏற்பாடு எனலாம்.

இவ்வுணர்வு நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டுகள், நகைகளின் எடையைச் சொல்லும்போது 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாகவும் சேர்த்துச் சொல்கின்றன. அளவோடு அளவுகோலின் பெயரையும் பொறித்தவர்கள் நம் முன்னோர். வள்ளுவரும் மனிதரின் பெருமை சிறுமைகளை அறியக் கட்டளைக்கல்லையே உவமையாக எடுத்தார். உரைத்துப் பார்க்காத மாற்று, வெறும் பேச்சு.

இன்றைய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. அமைவனத்தின் முக்கோணச் சின்னம், வெள்ளி என்பதைக் குறிக்கும் சொல், தூய்மை எண், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான ஆறு எழுத்தெண் அடையாளம் ஆகியவை அதில் இடம்பெறும். அந்த அடையாளத்தை 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டால், நகையைச் சோதித்த மையம் எது என்பது தெரியும். இவற்றுள் தலையாயது இந்த ஆறு எழுத்தெண்தான் என்பது என் எண்ணம். பொறுப்பாளியைச் சுட்டுவது அது ஒன்றே.

இங்கேதான் என் வருத்தம். தங்க நகைக்கு 2021 சூன் மாதம் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட முத்திரை, 2025 செப்டம்பர் 1 அன்று புதிய அடையாளத்துடன் வெள்ளிக்கு வந்தபோது விருப்பத்திற்குரியதாகவே வந்தது. ஆனால் மெட்டியும் அரைஞாணும் கொலுசும் எளியோரின் சேமிப்பு. நெருக்கடி நாளில் அவற்றை விற்கப் போகும்போதுதான், வாங்கிய அன்று சொல்லப்பட்ட 'டச்' வேறு, இன்று உரைத்துச் சொல்லும் 'டச்' வேறு என்று தெரியவருகிறது. அந்த வேறுபாட்டிற்கு விடை சொல்ல அப்போது எவரும் இருப்பதில்லை.

தங்கம் வாங்குவோருக்கு உரிமையாகக் கிடைக்கும் சான்று, வெள்ளி வாங்குவோருக்கு விற்பவரின் விருப்பமாக இருத்தல் முறையன்று. சட்டம் வரட்டும். அதற்கு முன்னரே, கடையில் எண்ணைக் கேட்பதோடு நில்லாமல் அந்த ஆறு எழுத்தெண் அடையாளத்தையும் கேட்டு வாங்குவோம்.