நீரை இழந்த நிலம்

நெல் விளைய நீர் வேண்டும். நீர் பாய வாய்க்கால் வேண்டும். உழவுத் தொழிலறிந்தோர் எவரும் இதனை மறுக்கமாட்டார். ஆயின், வெட்டிய வாய்க்காலே நிலத்தின் உயிரைக் குடித்த கதையொன்று பொர்ணியோத் தீவில் உண்டு.

அத்தீவின் இந்தோனீசியப் பகுதியைக் கலிமந்தான் என்பர். அதன் மத்திய மாகாணத்தில் 10 லட்சம் ஹெக்டயர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்குமாறு 1995இல் ஜனாதிபதி சுகார்த்தோ ஆணை பிறப்பித்தார். காடு அழிக்கப்பட்டது, 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குக் கால்வாய்கள் தோண்டப்பட்டன, வேற்றிடங்களிலிருந்து குடும்பங்கள் கொணர்ந்து குடியேற்றப்பட்டன. எதிர்பார்த்த நெல்லோ விளையவில்லை. 1999இல் திட்டம் முறைப்படி கைவிடப்பட்டது.

மண்ணின் இயல்பை மதியாமையே இத்தோல்விக்குக் காரணம். விழுந்த மரமும் இலையும் வேரும் நீரில் அமிழ்ந்து, ஒட்சிசன் இன்மையால் முழுதும் உக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்து உண்டான மண் அது. ஆங்கிலத்தில் பீற் என்றும் தமிழில் முற்றா நிலக்கரி என்றும் அதனை வழங்குவர். புளிப்பு மிக்கது, பயிர்க்குரிய ஊட்டம் குறைந்தது. இத்தகைய நிலங்கள் உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு 3 வீதமளவே. எனினும் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான காபன் இவற்றுள் அடங்கியுள்ளது.

அக்காபனைக் காத்து நிற்பது நீரே. கால்வாய் வழியே நீர் வடிந்ததும் மண்ணுட் காற்றுப் புகுந்தது. நுண்ணுயிர்கள் மண்ணை உக்கச் செய்தன. சேமிப்பில் இருந்த காபன் காபனீரொட்சைட்டாகி வானிற் கலந்தது. 1997இன் கடும் வறட்சியிலே தீப் பரவியபோது, உலர்ந்த மண் நிலத்தினுள்ளேயே கனன்றது. அவ்வாண்டு இந்தோனீசியாவின் இந்நிலங்களிலும் காடுகளிலும் எழுந்த தீயால் 81 கோடி தொன் முதல் 257 கோடி தொன் வரை காபன் வெளியேறியதென விஞ்ஞானிகள் 2002இல் மதிப்பிட்டனர். 2015இல் மீண்டும் பெருந்தீ மூண்டு, புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிற்று.

அடுத்த ஆண்டே, 20 லட்சம் ஹெக்டயரைச் சீர்படுத்தவென இந்தோனீசிய அரசாங்கம் தனி அமைப்பொன்றை நிறுவியது. கால்வாய்க்குக் குறுக்கே அணையிட்டு நீரைத் தேக்குதல், ஈரநிலத்துக்குரிய மரங்களை நடுதல், மக்களின் பிழைப்புக்கு வழி செய்தல் என்பன அதன் மூன்று பணிகள்.

இவற்றுள் மூன்றாவதே மிகக் கடினமானது. கால்வாயிற் படகு செலுத்தும் குடியானவனுக்கு அணை ஒரு தடை. செம்பனை நட்டவனுக்கு உயர்ந்த நீர்மட்டம் நட்டம். சேற்றிலேயே வளரும் சவ்வரிசிப் பனை போன்றவற்றுக்குத் தக்க விலை கிடைத்தாலன்றி அவர்கள் அணையை விரும்புவார்களென எதிர்பார்த்தல் நியாயமன்று.

மேலும், தேக்கிய நீர் எஞ்சிய மண்ணைக் காக்குமேயன்றி இழந்ததை விரைவில் மீட்டுத் தராது. நீர் வடிந்த நிலம் ஆண்டுக்குச் சில சதமமீற்றர் தாழ்கின்றது. ஈரத்தில் அது வளர்வதோ ஓரிரு மில்லிமீற்றரே.

இத்தனைக்குப் பின்னரும், 2020இல், உணவுத் தட்டுப்பாடு நேருமென்ற அச்சத்தினால், பழைய திட்ட நிலத்தின் பகுதிகளிலேயே மீண்டும் நெற்செய்கைக்கு அரசாங்கம் முற்பட்டது. பல கோடி மக்களுக்குச் சோறிட வேண்டிய நாட்டின் கவலையை நாம் எளிதாக எண்ணலாகாது. ஆயினும், விளையாதென ஒருமுறை மண்ணே விடையிறுத்த பின், அதே வினாவை அதே மண்ணிடம் கேட்பது எவ்வாறு பசியைத் தீர்க்கும்?