மாரியில் பார்க்க வேண்டிய ஊர்

கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் தீவுக் கிராமமான சரவணைக்கு வருகின்ற நம்மவர்கள், அந்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறை விடுகின்ற காரணத்தால், பெரும்பாலும் ஆடியிலோ ஆவணியிலோதான் வந்து சேருகிறார்கள். வந்து, வற்றிக் கிடக்கும் குளத்தையும் கருகிய புல்லையும் சோளகத்திற் பறக்கும் புழுதியையும் கண்டு, ஊர்க்கோயிலில் ஓர் அருச்சனை செய்து, குறிகட்டுவானில் வள்ளமேறிப் போய் நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசித்து, ஊரைப் பார்த்தாயிற்று என்ற திருப்தியோடு திரும்பிப் போகிறார்கள். இந்தத் திருப்தி எனக்குச் சம்மதமில்லை. அவர்களுக்குப் பரிச்சயமானது ஊரின் ஒரு முகம். அதுவும் வாடியிருக்கும் முகம்.

என் பேரப்பிள்ளைகள் இருவரும் இங்கேயே வளர்கிறார்கள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. வெயில் தாழ்ந்தபின் அவர்களைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒழுங்கைகளிலும் தரவையிலும் சுற்றுவது எனக்கு இப்போது நித்திய கருமமாகிவிட்டது. வடக்கே நடந்தாலும் தெற்கே நடந்தாலும் வெகுதூரம் போகுமுன் கடல் வந்து மறிக்கின்ற இச்சிறிய ஊரில், பார்த்ததையே பார்த்துக்கொண்டிருப்பது சலிப்பாகாதோ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி, ஐப்பசி மாதத்தில் ஒருநாள் எங்களோடு வந்து பாருங்கள் என்பதே.

முதற்பெருமழை பெய்து வெளித்த காலையில், ஈரமணலில், பட்டுத்துணியிலிருந்து கத்தரித்தெடுத்த சிவப்புத் துண்டுகள் போலத் தம்பளப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பழைய நூல்களில் இந்திரகோபம் என்று படித்திருப்பீர்கள், அதுவேதான். விரலால் மெல்லத் தொட்டவுடன் எட்டுக் கால்களையும் உள்ளுக்கிழுத்துக்கொண்டு அசையாமற் கிடக்கும்; நாங்கள் மூச்சடக்கிக் காத்திருந்தால், முதலில் ஒரு கால், பிறகு மற்றொரு கால் என்று வெளியே நீட்டி மறுபடியும் நடக்கத் தொடங்கும். "அப்பப்பா, இது நேற்று எங்கை இருந்தது?" என்று பெரியவள் கேட்டாள். நல்ல கேள்வி. வருஷத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழித்துவிட்டு, மழை விழுந்ததும் கறையானையும் ஈசலையும் தின்பதற்காக மேலே வந்து, சிலநாளில் முட்டையிட்டு மறுபடியும் நிலத்துக்குள் மறைந்துவிடுகின்ற சீவன் அது. நெருப்புப்பெட்டிக்குள் புல்லை வைத்து வளர்க்கலாமென்று சின்னவன் பிடிவாதம் பிடித்தான். நம் தலைமுறையில் அவ்வாறு வளர்த்தவர்கள் எவருக்கும் அது மறுநாள் உயிரோடிருந்ததாக ஞாபகமில்லையாகையால், விட்டுவிடச் சொன்னேன். அழுதான், பிறகு ஒரு தவளை கிடைத்தது.

கார்த்திகையில் வேலியெங்கும் கார்த்திகைப்பூ. அதன் கிழங்கு கொடிய நஞ்சென்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பூவைப் பார்க்கத் தடையில்லை. விளக்கீட்டன்று சின்னவனுக்குத் தூக்கமே வரவில்லை. அதற்குப் பின் வாடைக்காற்று நிலைத்துவிட்டால் விண் பூட்டிய பட்டங்கள் இராமுழுதும் வானத்திற் கூவுவதும், யாழ்ப்பாணத்துக்குப் போகிற பஸ்ஸின் யன்னலால் பண்ணைக் கடலில் பூநாரைகள் கூட்டமாய் நிற்பதைக் காண்பதும் மார்கழிக்கேயுரிய விசேஷங்கள்.

ஆனால் பிள்ளைகளுக்குக் காலம் என்ற பெரும் விஷயத்தைக் கைப்பிடியாய்க் காட்டித் தந்தது பனைதான். ஆவணியிலும் புரட்டாசியிலும் விழுந்த பனம்பழங்களை அவர்களே பொறுக்கிவந்தார்கள். களியைப் பிசைந்து பனங்காய்ப் பணியாரம் சுட்டதுபோக மிஞ்சிய கொட்டைகளை வளவின் மூலையிற் பாத்தி போட்டு அடுக்கினோம். அன்று மாலையே சின்னவன் தோண்டிப் பார்க்க வேண்டுமென்றான். பொறு என்றேன். மழை வந்தது, விளக்கீடு வந்தது, திருவெம்பாவைச் சங்கு கேட்டது. அதன்பிறகே பாத்தியைக் கிண்டினோம். கொட்டையின் கீழே, அவனுடைய முழங்கையளவு நீளத்தில், மங்கிய மஞ்சள் உறைக்குள் கிழங்கு. அவித்து, நடுவே பிளந்து, ஈர்க்கை உருவியெறிந்து, தும்பை இழுத்துப்போட்டுத் தின்கிற வித்தையை அவன் ஒரே நாளிற் கற்றுக்கொண்டான். கொட்டையை வெட்டினால் உள்ளே பூரான் என்கிற இனிய பருப்பு இருக்கும் என்பதை அக்காள் அவனுக்குச் சொல்லவில்லை, தானே தின்றுவிட்டாள்.

கிணறும் ஒரு பஞ்சாங்கமே. எங்கள் தீவில் ஆறில்லை, மலையில்லை. மாரிமழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீரைவிட இலேசானபடியால் அதன்மேல் மிதந்துநிற்பதைத்தான் குடிக்கிறோம். கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்குமென்பது நிலத்தடிநீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே எவ்வளவு போகுமென்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தையிலும் வைகாசியிலும் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கச் செய்து, உப்பு எங்கிருந்து வந்ததென்று பிள்ளைகளைக் கேட்டேன். கடல் கீழால் வந்து எட்டிப் பார்க்கிறது என்றாள் பெரியவள். திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

ஆடியை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கூழைப் பிலாவிலையிற் குடிப்பதற்கு ஈடில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பாடிவைத்ததால், ஊரை விட்டுப்போனவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தப் பண்டிகையின் பெயராவது தெரிந்திருக்கிறது.

நடக்கும்போது கூரையில்லாத வீடுகளும் வழியில் வரும். 1990இல் யுத்தம் தீவுப்பகுதிக்குள் வந்தபோது எழும்பிப் போனவர்களின் வீடுகள் அவை. சுவரைப் பிளந்து ஆலும் அரசும் முளைத்திருக்கின்றன. ஒவ்வொரு வளவும் ஆருடையது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், தெரிந்தவரையில் சொல்லிவருகிறேன். அந்த வளவுகளிலும் பனை நிற்கிறது, பழம் விழுகிறது, பொறுக்குவாரில்லாமல் வடலியாய் எழும்புகிறது.

ஆகவே தூரத்திலிருந்து இதை வாசிக்கும் உறவுகளுக்கு ஒரு விண்ணப்பம். நத்தார் விடுமுறையும் விடுமுறைதான். அடுத்தமுறை பிள்ளைகளை மார்கழியில் கூட்டிவாருங்கள்; குளத்தில் தண்ணீர் இருக்கும், கிழங்கு பதமாயிருக்கும், பட்டத்துக்குக் காற்றும் இருக்கும். நல்ல சப்பாத்துகளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எங்கள் ஒழுங்கைச் சேற்றில் அவற்றுக்கு வேலையில்லை.